ஆடி மாதம் என்ன செய்வீர்கள்? மதுரையில் சாக்ஸபோனை நம்பி வாழ நான்கு வழிகள்

போன வைகாசியில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் மேலூர்ப் பக்கத்து நாகசுரக் குடும்பத்துப் பையன், வயது 19. அப்பாவின் நாகசுரத்தை மூலையில் சாத்திவிட்டு சாக்ஸபோனைப் பிடித்திருக்கிறான். இன்னொருவர் பொறியியல் படித்து அலுவலகம் போய்வருபவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறார். மூன்றாமவர் வாய்ப்பாட்டில் டிப்ளமோ வாங்கிய ஒரு தாய். கல்யாணத்தோடு பெட்டிக்குள் போன ஆல்டோ சாக்ஸபோனை எட்டு வருடம் கழித்து வெளியே எடுத்திருக்கிறார்.

"வாசித்துப் பிழைப்பதா, சொல்லிக்கொடுத்துப் பிழைப்பதா?" மூவரும் கேட்டது இதைத்தான்.

நான் திருப்பிக் கேட்டது: "ஆடி மாதம் என்ன செய்வீர்கள்?"

பையன் மட்டும் சிரித்தான். மேளக்காரர் வீட்டில் ஆடி எப்படி இருக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவன். மற்ற இருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

எதை வைத்து எடை போடுவது

வருமானம் எவ்வளவு என்பதிலிருந்து நான் தொடங்குவதில்லை. ஒரு முகூர்த்த நாளின் கூலியை முப்பதால் பெருக்கி, அதுதான் மாத வருமானம் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலில், வெறும் மாதம். எந்த வழியில் போனாலும் ஏதோ ஒரு காலம் கை காய்ந்துவிடும். அது எப்போது, எத்தனை நாள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அடுத்தது, வெளியே தெரியாத செலவு. வாத்தியத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். மீரட்டில் செய்த வாத்தியம் மலிவாகக் கிடைக்கும், யமஹாவின் மாணவர் மாடல் ஆல்டோ புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். அது ஒருமுறைச் செலவு. ரீடு (ஊதும் நாணல் பட்டை), பேட் (துளை மூடியின் தோல் அட்டை), பழுது, பயணம், பக்கவாத்தியம் ஆகியவை சாகும்வரை கூடவே வரும்.

மூன்றாவதாக உதடு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாகசுரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. விரலைப் பாதி எடுக்கலாம், மூச்சைக் கூட்டிக் குறைக்கலாம், ஊதும் சீவாளியில் உதட்டின் பிடியை மாற்றலாம். சுரம் வழுக்கிக்கொண்டு போகும். சாக்ஸபோனில் துளைகள் இருபதுக்கும் மேல், ஆனால் விரல் எதையும் நேரே தொடுவதில்லை. எல்லாம் மூடியும் நெம்புகோலும்தான். அழுத்தினால் ஒரு சுரம், எடுத்தால் இன்னொரு சுரம். தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைக்க உதடும் தொண்டையும் மூச்சும்தான் வேலை செய்ய வேண்டும். அந்த உதடு தினமும் இரண்டு மணி நேரமாவது உழைக்காவிட்டால், கமகம், அதாவது சுரத்தின் அசைவு, போய்ப் படிக்கட்டு இறங்குவதுபோல ஓர் ஓசைதான் மிஞ்சும். ஆகவே, இந்த வழியில் போனால் ஐந்து ஆண்டுக்குப் பிறகு என் உதடு ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காகிதம். சான்றிதழ். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் ஒருநாள் அதை யாராவது கேட்பார்கள்.

மேடை: சபா, வானொலி, கோயில் கச்சேரி

எல்லோருடைய மனதிலும் இருக்கும் உருவம் கத்ரி கோபால்நாத். 1949இல் தட்சிண கன்னடத்தில் பிறந்தவர், அப்பா நாகசுரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி அதைப் பிடித்தவர். மங்களூரிலும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் ப்ராம்ஸ் இசைவிழா மேடையில் ஏறினார். 2004இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் காலமானார். அவரிடம் கற்ற எம்.எஸ். லாவண்யா போன்றவர்கள் இன்று மேடையில் இருக்கிறார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நம்மவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அவர் பிடித்த இடம் காலியாக இருந்த இடம். அவருக்கு முன் கர்நாடக இசைக் கச்சேரிக்குச் சாக்ஸபோன் வேண்டும் என்று எந்தச் சபாவும் கேட்கவில்லை. இன்று சபாவுக்கு அந்த வாத்தியம் தெரியும், அவர் வாசித்ததும் தெரியும். உங்கள் வாசிப்பை அதோடு ஒப்பிடுவார்கள். மதுரையில் சத்குரு சங்கீத சமாஜம் போன்ற சபா மேடைகள் உண்டு, கோயில் திருவிழாக் கச்சேரிகளும் உண்டு. ஆனால் ஓர் ஆண்டில் ஒரே ஊரில் ஒரு சாக்ஸபோன் கலைஞருக்கு எத்தனை மாலைகள் கிடைக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு பக்கவாத்தியம். வயலினும் மிருதங்கமும் இல்லாமல் கச்சேரி இல்லை. ஒத்திகைக்கும் பயணத்துக்கும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், சன்மானக் கவரில் உங்களுக்குப் பழக்கூடையும் பொன்னாடையும்தான் மிஞ்சியிருக்கும். மார்கழியில் சென்னையில் ஒரு மதிய வாய்ப்புக் கிடைத்தால் ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உங்கள் பொறுப்பு. நான் அப்படிப் போய் வாசித்த ஒரு மதியத்தில் கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் இருவர் அடுத்த கச்சேரிக்கு வந்த பக்கவாத்தியக்காரர்கள்.

இருந்தாலும் இந்த வழியில் உதடு ஏறும். அது உறுதி. ஒரு வர்ணத்தை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் வாசித்து, ஒரு ராகத்தை இருபது நிமிடம் விரித்தாக வேண்டிய நிர்பந்தம் வேறு எங்கும் கிடைக்காது. அகில இந்திய வானொலியின் கலைஞர் தேர்வும் இதோடு சேர்ந்தது. பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் தருகிறார்கள். மேடைக்காரருக்குக் கிடைக்கும் உருப்படியான காகிதம் அதுதான். சபா செயலாளர்களும் அதைப் பார்ப்பார்கள், மாணவரின் பெற்றோரும் பார்ப்பார்கள்.

மேலைச் செவ்வியல் வாசித்தால் வழி அகலமாகுமா என்றும் கேட்கிறார்கள். அடால்ஃப் சாக்ஸ் இந்த வாத்தியத்துக்குப் பாரிஸில் 1846இல் காப்புரிமை வாங்கினார். பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் 1857இல் வகுப்பும் தொடங்கினார். 1870இல் அது நின்றது. மறுபடி சாக்ஸபோன் வகுப்புத் திறந்தது 1942இல், மார்செல் மூல் பொறுப்பில். இடையே 72 ஆண்டு வெறுமை. சிம்பொனி இசைக்குழுவில் இன்றும் அதற்கு நிரந்தர நாற்காலி இல்லை, தேவைப்படும்போது கூப்பிடுவார்கள். மூல் கூட முதலில் பிரெஞ்சுக் குடியரசுக் காவல்படையின் வாத்தியக் குழுவில் வாசித்தவர்தான். பிறந்த ஊரிலேயே மேடையை மட்டும் நம்பி வாழ முடியாத வாத்தியம் இது.

மேடை யாருக்குச் சரி? வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பவருக்கு, இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவருக்கு, குரு கண்ணெதிரே இருப்பவருக்கு. மூன்றும் இருந்தால் தயங்க வேண்டாம். ஒன்று மட்டும் இருந்தால் தயங்குங்கள்.

விசேஷ வீடுகள்: வரவேற்பு, கோயில் விழா, தேவாலயம்

மதுரையில் சாக்ஸபோன்காரர்கள் உண்மையில் வாழ்வது இதில்தான். இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

முகூர்த்தத்துக்கு நாகசுரமும் தவிலும். கெட்டிமேளத்தை யாரும் சாக்ஸபோனிடம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் வேண்டாம். முதல் நாள் மாலை வரவேற்புதான் நம்முடையது. சாக்ஸபோன், கீபோர்டு, தபேலா, ரிதம் பேட் என்று நான்கு பேர். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் கோபால்நாத் வாசித்தபிறகு தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளுக்குச் சாக்ஸபோன் என்றால் என்ன என்று தெரிந்துபோயிற்று. இரண்டு கீர்த்தனை, ஒரு தில்லானா வாசித்து முடிப்பதற்குள் மணமகனின் நண்பர்களிடமிருந்து சீட்டு வந்துவிடும், சினிமாப் பாட்டு வேண்டும் என்று.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். குழுவுக்கு 20,000 ரூபாய் என்று பேசியிருக்கிறீர்கள். ஏற்பாடு செய்த ஒப்பந்தக்காரரின் கமிஷன் 3,000. மூன்று சக கலைஞருக்குத் தலைக்கு 3,000 வீதம் 9,000. வண்டி வாடகை 2,000. மிச்சம் 6,000. ரீடையும் பழுதையும் நாளாக வகுத்துப் போட்டால் கைக்கு ஐந்தோ ஐந்தரையோ வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது காலண்டரைத் திறங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் இந்துக் கல்யாணம் இல்லை. மிச்ச மாதங்களிலும் முகூர்த்தம் கொத்துக்கொத்தாக விழும். ஒரே நாளில் மூன்று வீட்டிலிருந்து அழைப்பு வரும், இரண்டை விட்டுக்கொடுப்போம். பிறகு பத்து நாள் போன் அடிக்காது.

அந்த மூன்று மாதத்திலும் வாசிப்பு இல்லாமலில்லை. ஆடியில் அம்மன் கோயில்கள், முளைப்பாரி. புரட்டாசியில் நவராத்திரிக் கொலு. மார்கழியில் ஐயப்ப பஜனை, அதோடு கிறிஸ்துமஸ். தேவாலயங்களோடு பழக்கம் உள்ள சாக்ஸபோன்காரருக்கு மார்கழி ஒருபோதும் வெறும் மாதம் ஆவதில்லை. நாகசுரக் குடும்பத்துப் பையன்களுக்கு இது தெரிவதில்லை. தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கோ கொலு வீடுகள் தெரிவதில்லை. ஒருவருக்கொருவர் போன் எண்ணைப் பரிமாறிக்கொண்டாலே பாதிப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

செலவில் வெளியே தெரியாதது வெயில். சித்திரையில் மதுரைத் திறந்தவெளியில் வாசித்துப் பாருங்கள். காற்றுச் சூடாக ஆக வாத்தியத்தின் சுருதி ஏறும். கீபோர்டு ஏறாது, அது இயந்திரம். ஊதுமுனையான மௌத்பீஸை வாத்தியத்தின் கழுத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். இழுக்க மறந்தவர் இரவு முழுக்க சுருதி சேராமல் வாசிப்பார், ஊர் அவரைத்தான் குறை சொல்லும். ரீடு காய்ந்து விளிம்பில் நெளியும். தோல் பேட்கள் சுருங்கிக் காற்று கசியும். ஒரு சீசன் முடிந்தால் பேட் மாற்றும் செலவு வந்துவிடும்.

இன்னொன்று, பணம் வராத செலவு. எனக்கு ஓர் ஒப்பந்தக்காரர் நான்கு கல்யாணத்துக் கூலியை "ஐப்பசியில் தருகிறேன்" என்றார். எந்த ஐப்பசி என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து பாதித் தொகையை அச்சாரமாக வாங்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

உதடு? இங்கே அது கெடாது, வளரவும் செய்யாது. இரண்டு நிமிடப் பாட்டுகளை நான்கு மணி நேரம் வாசிப்பதால் தசைக்குப் பலம் வரும். ராகம் வராது. மாதத்தில் பாதி நாள் காலை சாதகத்தை, அதாவது பயிற்சியை, விடாமல் பிடித்துக்கொண்டால் இந்த வழியில் இருந்துகொண்டே மேடைக்கும் போகலாம். பிடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதிகம் பேரில்லை.

வகுப்பு

வாசித்துக் களைத்தவர்கள் ஒதுங்கும் திண்ணை என்று வகுப்பை நினைக்கிறார்கள். அது திண்ணை இல்லை, இன்னொரு தொழில்.

முதல் சிக்கல், மாணவர்கள் குறைவு. வயலின், கீபோர்டு, கிட்டார் கேட்டு வருபவர்கள் பத்து என்றால் சாக்ஸபோன் கேட்டு ஒருவர் வந்தால் பெரிது. வாத்தியத்தின் விலையைக் கேட்டதும் அவர்களிலும் சிலர் போய்விடுவார்கள். ஆல்டோவின் எடை இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். சிறு குழந்தையின் கழுத்தும் வலது கட்டை விரலும் தாங்காது. முன்பல் விழுந்து முளைக்கும் வயதிலும் தொடங்க முடியாது. ஆகவே ஆறு வயதுக் குழந்தையைக் கூட்டிவரும் அம்மாவை "நான்கு வருடம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது புல்லாங்குழலும் கீபோர்டும் நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும். மதுரையில் சாக்ஸபோன் வகுப்பு மட்டும் நடத்தி வாழ்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, சத்தம். வாடகை வீட்டில் மாலை ஆறு மணிக்கு மூன்று சிறுவர்கள் ஆளுக்கொரு சுருதியில் ஊதினால் வீட்டுக்காரர் ஒரு மாதம் பொறுப்பார். நான் இரண்டு வீடு மாறியிருக்கிறேன். இப்போது மொட்டை மாடியில் ஓர் அறை, சன்னலில் பழைய மெத்தை.

வகுப்பின் ஆடி மாதம் பங்குனி. பிப்ரவரி பாதியிலேயே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மறைந்துவிடும். பன்னிரண்டு போன பையன் திரும்ப வருவதில்லை, கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவான். மூன்று வருடம் உழைத்து ஒருவனை ஆபோகி வர்ணம் வரை கொண்டுவந்திருப்பீர்கள், அவன் விடுதிக்குப் போகும்போது வாத்தியம் பரணுக்கு ஏறும். இந்த வலிக்குக் கணக்கில் இடமில்லை.

இணையவழி வகுப்பு இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் நேரம் தவறுவதில்லை, கட்டணமும் ஒழுங்காக வரும். ஆனால் அமெரிக்காவில் மாலை என்றால் நமக்கு விடியற்காலை. சாக்ஸபோனுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. காணொலிச் செயலிகள் நீண்ட ஒரே சீரான ஓசையை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். மாணவன் சட்ஜத்தில் நின்று கார்வை கொடுப்பான், உங்களுக்கு இரண்டாவது நொடியில் மௌனம். இரைச்சல் நீக்கும் அமைப்பை இரு பக்கமும் அணைத்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு சிறுமிக்கு மூச்சுப் போதவில்லை என்று இரண்டு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

தனியார் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை வெளியிலிருந்து பார்க்க நிலையானது. நான் ஒரு பள்ளியில் ஒன்றரை வருடம் இருந்தேன். சாக்ஸபோனுக்கு என்று எடுத்தார்கள். செய்தது காலைப் பிரார்த்தனைக்குக் கீபோர்டு, ஆண்டுவிழா நடனத்துக்குப் பாட்டு வெட்டி ஒட்டுவது, மாலையில் பேருந்து வரிசையை ஒழுங்குபடுத்துவது. சம்பளம் முதல் தேதி வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். உதடுதான் போயிற்று. வெளியே வந்து திரும்பப் பிடிக்க எட்டு மாதம் ஆனது.

காகிதம் இங்கே மிக முக்கியம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் கற்றுத்தரும் பாடங்கள் ஏழு: குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். சாக்ஸபோன் இல்லை. அரசு வேலையோ கோயில் பணியிடமோ கண்ணில் இருந்தால் இந்த ஏழில் ஒன்றில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, சாக்ஸபோனைக் கூடவே வைத்துக்கொள்வதுதான் வழி. மேலைமுறைக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியும் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்பும் எட்டு கிரேடு வரை சாக்ஸபோன் தேர்வு நடத்துகின்றன. நகரத்துப் பெற்றோர் அந்தத் தாளை மதிக்கிறார்கள், சுரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பழக்கமும் அதில் வரும்.

என் கருத்து ஒன்று, சிலருக்குக் கோபம் வரும். கச்சேரி மேடையில் ஒரு வர்ணமும் ஐந்து கீர்த்தனையும் தடுமாறாமல் வாசித்துப் பழகாதவர் வகுப்புத் தொடங்கக் கூடாது. உதட்டுப் பிடியைத் தவறாகக் கற்றுக்கொடுத்தால் அதை அழித்துத் திருத்துவதற்குள் இன்னொரு ஆசிரியருக்குத் தாவு தீர்ந்துவிடும்.

சீருடை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நேர் அனுபவம் இல்லை. இந்திய விமானப்படையும் கடற்படையும் அக்னிவீர் என்ற நான்காண்டுப் பணித் திட்டத்தில் இசைக்கலைஞர்களை எடுக்கின்றன. திருமணமாகாதவராக, இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம் போகக் கைக்கு 21,000. நான்கு ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாக ஏறக்குறைய 10.04 லட்சம். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஐந்தாம் ஆண்டு முழுக்க ஆடி. ஆனால் கையில் ஒரு தொகையும், குழுவோடு வாசித்த ஒழுங்கும், இருபத்தைந்தைத் தாண்டாத வயதும் இருக்கும். ராகம் மறந்துபோகும் என்பதுதான் விலை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | மேடை | விசேஷ வீடு | வகுப்பு | சீருடை |
|---|---|---|---|---|
| வெறும் மாதம் | மார்கழியும் திருவிழாவும் நீங்கலாகப் பெரும்பாலும் | ஆடி, புரட்டாசி, மார்கழி; பழக்கம் இருந்தால் பாதி ஈடாகும் | பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் வரை | நான்காண்டு இல்லை; பிறகு தெரியாது |
| மறைந்த செலவு | பக்கவாத்தியம், பயணம் | பேட், வண்டி, வராத பாக்கி | இடம், சத்தம், இரண்டாவது வாத்தியம் | ஊரை விட்டு இருப்பது |
| உதடு | ஏறும் | நிற்கும் | இறங்கும், கவனித்தால் நிற்கும் | பலம் வரும், கமகம் போகும் |
| காகிதம் | வானொலித் தரம் | யாரும் கேட்பதில்லை | கட்டாயம் | பத்தாம் வகுப்பும் தேர்வும் |

அந்த மூவருக்கும் சொன்னது

மேலூர்ப் பையனிடம், அப்பாவின் நாகசுரத்தைச் சாத்திய இடத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். மாவட்ட இசைப்பள்ளியில் 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருடம். பக்கத்திலேயே சிவகங்கையில் இருக்கிறது. பகலில் நாதசுவரப் படிப்பு, மாலையில் வரவேற்புகளில் சாக்ஸபோன். ஆல்டோவில் ஸி விரலமைப்பைச் சட்ஜமாக வைத்தால் ஒலிப்பது இரண்டரைக் கட்டைச் சுருதி. பாரி எனப்படும் நீண்ட நாகசுரத்தின் சுருதிக்கு அக்கம்பக்கம்தான். ஒரே ராகத்தை இரண்டிலும் சாதகம் செய்ய அவனுக்குப் பெரிய சிரமம் இராது. "அப்பா கேலி செய்வாரே மாமா" என்றான். செய்யட்டும்.

பொறியாளர் வேலையை விட நினைத்தார். விட வேண்டாம் என்றேன். மேடைக்குத் தேவையான இன்னொரு சம்பளம் அவருடைய கையிலேயே இருக்கிறது. சாயங்காலங்களில் குருவிடம் போகட்டும், இரண்டு வருடத்தில் வானொலித் தேர்வுக்கு விண்ணப்பிக்கட்டும், டிசம்பரில் தேவாலயம் எப்போதும்போல. அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு வந்தவர் போலிருக்கிறது.

அந்த அம்மாவுக்கு வகுப்புதான் சரி. டிப்ளமோ இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, முன்பு மேடையில் வாசித்தவர். நான்கு மாணவருக்கு மேல் முதல் ஆண்டு வேண்டாம், ஒவ்வொருவருக்கும் தனி மௌத்பீஸ், விடியற்காலை ஒரு மணி நேரம் அவருக்கே அவருக்கான சாதகம், நவராத்திரிக்கு நான்கு கொலு வீடு. எட்டு வருடம் பெட்டியில் கிடந்த வாத்தியத்தில் பேட் ஒன்றுகூட உருப்படியாக இருக்காது, மாணவரைச் சேர்க்கும் முன் முதலில் பழுது பார்க்கக் கொடுங்கள் என்றும் சொன்னேன்.

"மூன்று பேரைச் சேர்த்துவிட்டேன் அண்ணா, திங்கட்கிழமை வருகிறார்கள்" என்றார்.